கயானாவில் மக்கள் எங்கே, காடு எங்கே?

"கயானா அமேசான் காட்டு நாடு என்கிறார்கள். ஆனால் அங்கே பத்தில் நாலு பேர் இந்திய வம்சாவளி என்றும் படித்தேன். இவர்கள் காட்டுக்குள்ளேயா இருக்கிறார்கள்? ஜாகுவார், அனகோண்டா எல்லாம் ஊருக்குள் வருமா? தமிழர் யாராவது உண்டா? சுற்றிப்பார்க்கப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் பல மாதிரி தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: வரைபடத்தில் முழுக்கப் பச்சையாகத் தெரியும் ஒரு நாட்டில் ஜனங்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள், ஏன் அந்த இடத்தில் மட்டும் இருக்கிறார்கள்? நான் வடிகால் பொறியாளன். கயானாவின் கடற்கரையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதனால் தண்ணீரிலிருந்துதான் என்னால் பதில் சொல்லத் தொடங்க முடியும். கரையோரத்தைப் பற்றிச் சொல்வதை என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். காட்டு விலங்குகளைப் பற்றிச் சொல்வது உள்நாட்டில் மக்கூஷி என்னும் பூர்வகுடி வழிகாட்டிகளோடு சுற்றியும் பிறகு படித்தும் தெரிந்துகொண்டது. உயிரியலாளர் யாராவது திருத்தினால் அவர் பக்கம் நில்லுங்கள்.

நாட்டின் பரப்பு சுமார் 2,15,000 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய பிரிட்டன் தீவின் அளவு. மக்கள்தொகை 8 லட்சத்தை ஒட்டி. அதிலும் பத்தில் ஒன்பது பேர் அட்லாண்டிக் ஓரமாக ஓடும் ஒரு மெல்லிய பட்டையில் இருக்கிறார்கள். அந்தப் பட்டை பல இடங்களில் சில மைல் அகலம்தான். வியப்பு என்னவென்றால், நாட்டிலேயே குடியிருக்கச் சிரமமான நிலம் அதுதான். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் தலைநகர் ஜார்ஜ்டவுனின் தெருக்கள் கடல் மட்டத்துக்குச் சுமார் ஒரு மீட்டர் கீழே கிடக்கும். நடுவில் இருப்பது ஒரு சுவரும் மண் கரைகளும் மட்டுமே. ஞாயிறு சாயங்காலம் ஊரே அந்தச் சுவரில் வந்து உட்கார்ந்து கதை பேசும். கரீபியன் என்றதும் நீலக் கடலும் வெள்ளை மணலும் மனதில் வந்தால் அதை இப்போதே அழித்துவிடுங்கள். இங்கே கடல் பழுப்பு நிறம். அமேசான் ஆறு கடலில் கொட்டும் வண்டலில் ஒரு பங்கைக் கடல் நீரோட்டம் வடமேற்காக இழுத்துவந்து இந்தக் கரையோரம் போட்டுக்கொண்டே போகிறது. அந்தச் சேற்றுத் திட்டுகள் ஓரிடத்தில் நிற்காது, ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே நகரும். திட்டு ஒரு ஊருக்கு நேர் எதிரே நிற்கும் காலத்தில் அலை அடங்கும், அலையாத்தி முளைக்கும். அது நகர்ந்துபோனதும் அலை நேராகக் கரையில் அறையும், அலையாத்தி வேரோடு போகும், சுவரில் விரிசல் விழும். அமேசான் கயானாவுக்குள் ஓடவில்லை; ஆனாலும் கயானாவின் கடற்கரையைச் செய்தது அமேசான்தான்.

இப்படிப்பட்ட சேற்றில் யார் போய்க் குடியேறுவார்கள்? டச்சுக்காரர்கள். முதலில் ஆறுகளின் மேல்பகுதியில் தோட்டம் போட்டார்கள். அங்கே மண் சத்து ஓய்ந்ததும் 18-ஆம் நூற்றாண்டின் நடுவாக்கில் கடலோரக் களிமண்ணுக்கு இறங்கி வந்தார்கள். கடல் பக்கம் ஒரு கரை, பின்னால் சதுப்புத் தண்ணீரைத் தடுக்க ஒரு கரை, இரு பக்கமும் கரை, நடுவில் கால்வாய். இந்த நீண்ட செவ்வகம்தான் ஒரு தோட்டம். தோட்டத்து மழைநீரைக் கடலுக்கு விட ஒரு மதகு. அதைக் கோக்கர் என்பார்கள். கடல் வற்றும்போது கதவைத் தூக்கினால் வாய்க்கால் தண்ணீர் வெளியே ஓடும். கடல் திரும்ப ஏறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். ஒரு நாளில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம்தான் வாய்ப்பு. கடல் இரவு இரண்டு மணிக்கு வற்றினால் மதகுக்காரர் இரண்டு மணிக்கு எழுந்து வர வேண்டும். கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றச் சுற்றச் சங்கிலி கிரீச்சிடும். பலகைக் கதவு ஓரடி எழும்பியதும் கறுப்புத் தண்ணீர் அடியில் சீறிக்கொண்டு வெளியேறும். கதவை மேலே விட்டுவிட்டு அவர் தூங்கிப்போனால் விடியும்போது உப்புநீர் வயலில் நிற்கும். எங்களுக்குத் தலைவலி கொடுத்தது மழையைவிட மதகுக்கு வெளியே சேரும் சேறு. திட்டு வந்து வாயை அடைத்துவிட்டால் கதவைத் திறந்தும் பலனில்லை. இயந்திரம் இறக்கித் தோண்ட வேண்டும், இல்லையென்றால் பம்பு வைக்க வேண்டும். 2005 ஜனவரியில் கொட்டித் தீர்த்த மழையில் தலைநகரும் அதன் கிழக்குக் கரையோரக் கிராமங்களும் வாரக்கணக்கில் தண்ணீரில் நின்றது இந்த அமைப்பின் எல்லை எது என்று காட்டியது.

டச்சுக்காரர்கள் திட்டம் போட்டார்கள் என்றேன். தோண்டியவர்கள் அவர்கள் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் தோண்டினார்கள். சர்க்கரைத் தொழிலை ஆராய 1948-இல் அமைக்கப்பட்ட வென் ஆணையம் ஒரு கணக்குக் கொடுத்தது: ஒரு சதுர மைல் கரும்புக்கு 49 மைல் வடிகாலும், படகுப் போக்குவரத்துக்கும் பாசனத்துக்குமாக 16 மைல் மேல்மட்டக் கால்வாயும் வேண்டும். கரையோரம் முழுக்க இந்தக் கால்வாய்களுக்காக அடிமைகள் மண்வெட்டியால் தூக்கிப்போட்ட ஈரக்களிமண் குறைந்தது 10 கோடி டன் இருக்கும் என்பதைக் கயானா வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னி எடுத்துக்காட்டினார். இன்றைக்கும் நான் வேலை பார்த்த வாய்க்கால்களில் பெரும்பாலானவை அந்தக் கோடுகளிலேயே ஓடுகின்றன. கயானாவின் குடியரசு நாளான பிப்ரவரி 23, 1763-இல் இன்றைய கயானாவின் கிழக்கே இருந்த பெர்பீஸ் என்ற டச்சுக் காலனியில் கோஃபியின் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த நாள். அவர்கள் கிட்டத்தட்ட ஓராண்டு அந்தக் காலனியின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தார்கள். பிறகு வந்த பிரிட்டிஷ் ஆட்சியில் 1838-இல் முழு விடுதலை கிடைத்ததும், அடிமைகளாக இருந்தவர்கள் பழைய தோட்டங்களைக் கூட்டாகக் காசு போட்டு வாங்கினார்கள். 1839-இல் 83 பேர் சேர்ந்து வாங்கிய விக்டோரியா கிராமம் அதில் முதலாவது.

அவர்கள் விட்டுப்போன கரும்புக்கு ஆள் தேடியபோதுதான் நம் பக்கத்துக் கதை தொடங்குகிறது. 1838 மே 5 அன்று கல்கத்தாவிலிருந்து விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1917 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் 2,38,909 பேர். மிகப் பெரும்பாலோர் இன்றைய உத்தரப்பிரதேசம், பீகார் பக்கத்தவர்கள். சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள் சுமார் 15,000 பேர்தான். இங்கே ஒரு எச்சரிக்கை: அந்த 15,000 பேரையும் தமிழர் என்று இணையத்தில் எழுதிவிடுகிறார்கள். சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்கள் என்பதுதான் உறுதி; அவர்களில் தெலுங்கரும் கணிசமாக உண்டு. அங்கே எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர், மதராசி. தமிழ் பேச்சு வழக்கிலிருந்து போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. பேச்சு, எல்லோரையும் போல, ஆங்கிலமும் அதிலிருந்து பிறந்த கலப்பு மொழியான கிரியோலீஸும். எஞ்சியிருப்பது பெயரும் கோயிலும். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமூத்து. மேற்கிந்தியத் தீவுகள் அணிக்குப் பந்து வீசிய இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் வீரசாமி பெருமாள். இரண்டு பேரும் பெர்பீஸ் பக்கத்தவர்கள். அந்தப் பக்கக் காளி கோயில்களில் மாரியம்மாவுக்குப் பூசை, தப்பு அடித்துச் சாமியாட்டம், வேப்பிலை, மதுரை வீரன், முனீஸ்வரன் எல்லாம் உண்டு. பாடலில் வரும் சில தமிழ்ச் சொற்களைப் பூசாரி பொருள் தெரியாமலே சுத்தமாகச் சொல்வார். வடநாட்டு வழி இந்துக்கள் இதை ஒரு காலத்தில் ஏளனமாகப் பார்த்தார்கள். அந்தக் காயம் இன்னும் முழுக்க ஆறவில்லை.

2012 கணக்கெடுப்பின்படி இந்திய வம்சாவளியினர் 39.8 சதவீதம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் சுமார் 29, கலப்பினத்தவர் சுமார் 20, பூர்வகுடிகள் 10.5. சீனரும் மதெய்ரா தீவிலிருந்து வந்த போர்ச்சுகீசியரும் மிகச் சிறிய எண்ணிக்கை. அரசியல் கட்சிகள் பெரும்பாலும் இன அடிப்படையில் பிரிந்து நிற்பது அந்நாட்டின் நாள்பட்ட நோய். அதன் வரலாறு தனியாக ஒரு பதில் கேட்கும், இங்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது கடலுக்கு முதுகைக் காட்டித் தெற்கே திரும்புவோம். கரையோரக் களிமண் முடிந்ததும் வெள்ளை மணல் மேடு. அலுமினியத் தாதுவான பாக்சைட் தோண்டும் லிண்டன் நகரம் அங்கேதான். அதைத் தாண்டினால் காடு. நாட்டின் 85 சதவீதத்துக்கும் மேல் காடுதான். இதை "அமேசான் காடு" என்பது பாதி சரி. மரமும் விலங்கும் அமேசானின் உறவுதான். ஆனால் நாட்டின் பெரும்பகுதித் தண்ணீர் அமேசானுக்குப் போவதில்லை. சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடும் எஸ்ஸெக்கிபோ ஆறு அதை நேராக அட்லாண்டிக்குக்குக் கொண்டுபோகிறது. அந்த ஆற்றில் 365 தீவுகள் உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள். ஆண்டின் நாட்களோடு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் எண்ணை நான் நம்ப மாட்டேன். தீவுகள் ஏராளம், அவ்வளவுதான். அடிநிலம் கயானா கேடயம் எனப்படும் மிகப் பழைய பாறை. அதன் மேல் படிந்த மணற்பாறை மேற்கே மேசை போன்ற மலைகளாக நிற்கிறது. பிரேசில், வெனிசுவேலா, கயானா மூன்றும் சந்திக்கும் ரொரைமா மலை 2,810 மீட்டர். அதே மணற்பாறையின் விளிம்பிலிருந்துதான் பொட்டாரோ ஆறு கையெட்டூர் அருவியாக 226 மீட்டர் ஒரே வீச்சில் விழுகிறது. "உலகிலேயே உயரமான அருவி" என்று பயண விளம்பரங்களில் பார்த்தால் சிரித்துவிட்டுக் கடந்துபோங்கள். பக்கத்து நாட்டு ஏஞ்சல் அருவி 979 மீட்டர். கையெட்டூரின் சிறப்பு அவ்வளவு தண்ணீர் அவ்வளவு உயரத்திலிருந்து எங்கும் தட்டாமல் விழுவது. ஆனால் நீங்கள் அங்கே போனால் அருவியைப் பார்க்கும் முன் பாதையோரம் குனிந்து பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளரும், அன்னாசிக் குடும்பத்துப் புரோமிலியாட் செடிகளின் இலைக்கக்கத்தில் மழைநீர் தேங்கியிருக்கும். அந்தத் தண்ணீரில் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பொன்னிறத் தவளை உட்கார்ந்திருக்கும். முட்டை, தலைப்பிரட்டை, வாழ்நாள் எல்லாம் அந்தச் செடித் தண்ணீரிலேயே. அருவித் திரைக்குப் பின்னால் உள்ள பாறையில் உழவாரக் குருவிகள் அடைகின்றன. சாயங்காலம் அவை கூட்டமாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாயும்.

காட்டில் யாருமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பது பூர்வகுடிகள்: கடலோரமும் வடமேற்கிலும் வாராவ், லொக்கோனோ, கலின்யா, மேற்கு மலைகளில் அக்கவாயோ, பட்டமோனா, அரெக்குனா, தெற்குப் புல்வெளியில் மக்கூஷி, வாப்பிஷானா, கடைத்தெற்கில் வாய்வாய். இவர்கள் உணவின் அடித்தளம் கசப்பு மரவள்ளி. அப்படியே தின்றால் சயனைடு விஷம். கிழங்கைத் துருவி, மட்டாப்பி என்ற நீண்ட கூடைப்பின்னல் குழாயில் திணித்து உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். கீழ்முனையில் ஒரு கழியைச் செருகி அதன்மேல் ஒரு பெண் உட்காருவார். குழாய் நீண்டு ஒடுங்க, விஷச்சாறு கீழே பானையில் வடியும். மாவை அப்பளம் போலப் பெரிய வட்ட ரொட்டியாகச் சுடுவார்கள். வடிந்த சாற்றையும் வீணாக்குவதில்லை. கறுத்துக் கெட்டியாகும்வரை கொதிக்கவைத்தால் விஷம் போய்க் காசரீப் ஆகிவிடும். அதில் போட்ட இறைச்சி, தினமும் ஒரு முறை கொதிக்கவைத்தால், குளிர்ப்பெட்டி இல்லாமலே பல நாள் கெடாது. பெப்பர்பாட் என்னும் இந்தக் குழம்பு இன்று எல்லா இனத்தவர் வீட்டிலும் கிறிஸ்துமஸ் காலை உணவு. மக்கூஷிகளின் அம்பு விஷமான குராரேயைத் தேடி 1812-இல் சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் வந்தார். பிறகு லண்டனில் ஒரு கழுதைக்கு அதை ஏற்றி, மூச்சு நின்றதும் துருத்தியால் காற்றடித்தே பிழைக்கவைத்துக் காட்டினார்கள். அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் மருந்துகளின் தொடக்கம் அந்த விஷம். வாட்டர்டனிடம் பறவையைப் பாடம் செய்யக் கற்ற, கயானாவின் டெமராரா பகுதி அடிமை ஜான் எட்மன்ஸ்டோன், விடுதலையானபின் எடின்பரோவில் ஒரு மாணவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். அந்த மாணவர் சார்லஸ் டார்வின்.

விலங்கு பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் இடம் காடு அல்ல, தெற்கே உள்ள ருப்புனூனி புல்வெளி. காட்டில் எல்லாமே இருக்கும், எதுவும் கண்ணில் படாது. புல்வெளியில் விடியற்காலையில் பெரிய எறும்புண்ணி தன் புதர் போன்ற வாலை இழுத்துக்கொண்டு கறையான் புற்றிலிருந்து புற்றுக்கு நடப்பதைத் தொலைவிலிருந்தே பார்க்கலாம். மே முதல் ஆகஸ்டு வரை மழையில் இந்தப் புல்வெளி ஏரியாகிவிடும். அப்போது எஸ்ஸெக்கிபோவுக்குப் போகும் ருப்புனூனி ஆற்றுத் தண்ணீரும், தக்குட்டு ஆறு வழியாகக் கடைசியில் அமேசானுக்குப் போகும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து நிற்கும். மீன்கள் ஒரு வடிநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடந்துபோகும். ஐரோப்பியர்கள் இங்கேதான் எல் டொராடோ என்ற பொன் நகரத்தின் பெரிய ஏரி இருக்கிறது என்று வரைபடத்தில் வரைந்து வைத்தார்கள். பொன் நகரம் வெறும் கற்பனை. ஏரிக்கு மட்டும் இந்த மழைக்கால வெள்ளமே மூலமாக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் ஊகம். ஊகம் என்ற அளவிலேயே வையுங்கள். இந்தத் தண்ணீரில்தான் 3 மீட்டர் வரை வளரும் அரபைமா மீன் இருக்கிறது. அதற்குக் காற்றைச் சுவாசிக்க வேண்டும், சில நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அதுவே அதற்கு வினையானது. மேலே வரும்போது ஈட்டி எறிந்து பிடித்துப் பிடித்துக் கிட்டத்தட்டத் தீர்த்துவிட்டார்கள். பிறகு வடக்கு ருப்புனூனி மீனவர்களே, அது மேலே வரும் ஓசையையும் அலையையும் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பாதுகாக்கத் தொடங்கினார்கள். ராட்சத நீர்நாயும் 4 மீட்டரைத் தாண்டும் கறுப்புக் கெய்மன் முதலையும் இதே ஆறுகளில் உண்டு. தாயிழந்த நீர்நாய்க் குட்டிகளைக் கரனம்பூ பண்ணையில் பல ஆண்டுகள் வளர்த்து ஆற்றில் விட்டவர் டயேன் மெக்டர்க், 2016-இல் மறைந்தார்.

ஊருக்குள் வருமா என்ற கேள்விக்கு: ஜார்ஜ்டவுன் வாசலில் ஜாகுவார் வராது. உள்நாட்டுப் பண்ணைகளில் கன்றைத் தூக்கும், அதற்காகச் சுட்டும் விடுவார்கள். கடற்கரையில் நீங்கள் சுலபமாகப் பார்க்கக்கூடிய விசித்திரம் தேசியப் பறவையான ஹோட்சின். பெர்பீஸ் பக்க ஓடைக்கரைப் புதர்களில் கூட்டமாக உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்கும். மாடு மாதிரி இலையைத் தின்று, வயிற்றுக்கு முன்னால் உள்ள தீனிப்பையில் புளிக்கவைப்பதால் சாணி நாற்றம் அடிக்கும். சமைப்பவர்கள் குறைவு, அது பிழைத்திருக்க அதுவும் ஒரு காரணம். குஞ்சுக்கு இறக்கையில் இரண்டு நகம் உண்டு. ஆபத்து வந்தால் தண்ணீரில் விழுந்து, பிறகு அந்த நகத்தால் பற்றிக்கொண்டு மரம் ஏறும். டைனோசர் காலத்துப் பறவை என்று சொல்வது மிகை. நகம் பழைய பறவைகளின் நேரடி மிச்சம் என்ற கருத்தை ஆய்வாளர்கள் பலர் இப்போது ஏற்பதில்லை. தலைநகரத் தாவரவியல் பூங்காக் குளத்தில் கடற்பசு இனமான மனாட்டிகள் இருக்கின்றன. கரையில் புல்லைப் பிடுங்கி நீட்டினால் மீசை முளைத்த தடித்த உதடு மேலே வந்து மெதுவாக வாங்கிக்கொள்ளும். ஞாயிறு காலையில் ஆண்கள் டோவா-டோவா என்ற சிறு குருவியைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு போட்டிக்குப் போவதையும் பார்ப்பீர்கள். எந்தக் குருவி முதலில் 50 முறை கூவுகிறதோ அது வென்றது. நியூயார்க்கில் குடியேறிய கயானியர்களுக்கும் இந்தப் பித்து உண்டு. தலைமுடி சுருட்டும் பிளாஸ்டிக் குழலுக்குள் குருவியை வைத்துக் கடத்தியவர்கள் அங்கே விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள்.

காடு ஏன் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதற்கு நிறைய பேர் அழகான விளக்கம் சொல்வார்கள். என் கணிப்பு எளிமையானது: கரும்பும் நெல்லும் ஜனங்களைக் கடலோரச் சேற்றில் கட்டிப்போட்டன, உள்ளே போக நல்ல சாலை இல்லை. அதற்கு மேல் நல்ல முடிவுகளும் எடுத்தார்கள் என்பது உண்மை. 1989-இல் அன்றைய அதிபர் டெஸ்மண்ட் ஹாய்ட் ஒரு பெரிய காட்டை ஆய்வுக்காகக் காமன்வெல்த்துக்கு அளித்தார். அது 3,71,000 ஹெக்டேர் இவொக்ராமா காடு. காட்டை வெட்டாமல் இருப்பதற்காக 2009-இல் நார்வே 25 கோடி டாலர் வரை தர ஒப்பந்தம் செய்தது. மறுபக்கம் தங்கம். சுரங்கக் குழிகளிலிருந்து கலங்கல் நீரும் பாதரசமும் ஆற்றில் இறங்குகின்றன, ஆற்று மீனைத் தின்பவர்கள் பூர்வகுடிகள். 2015-இல் கடலில் எண்ணெய் கண்டுபிடித்து 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கியதிலிருந்து பணம் வெள்ளமாக வருகிறது, சாலைகளும் வருகின்றன. சாலை வந்தபின் காடு என்ன ஆகும் என்பதைப் பிரேசில் பக்கம் பார்த்தவன் என்பதால் எனக்குக் கவலை உண்டு. எஸ்ஸெக்கிபோவுக்கு மேற்கே உள்ள, நாட்டின் மூன்றில் இரண்டு பங்கான நிலத்தை வெனிசுவேலா உரிமை கோருவது வேறு. எல்லையை வகுத்த 1899 பாரிஸ் தீர்ப்பு செல்லுமா என்ற அந்த வழக்கு 2018-இல் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது.

போவதென்றால் மழை ஓய்ந்த செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ருப்புனூனிக்கு நல்ல காலம். குளங்கள் சுருங்கி விலங்குகள் தண்ணீரைச் சுற்றி நிற்கும். கடற்கரையில் டிசம்பர், ஜனவரியில் இன்னொரு மழை உண்டு. ருப்புனூனியில் உள்ள லெத்தெம் ஊருக்குச் சிறு விமானம் சுலபம். லிண்டனிலிருந்து சாலையில் போனால் செம்மண் பகுதிகளில் உடம்பு நோகும், ஆனால் அந்தச் சாலை இவொக்ராமா வழியாகப் போகும், ஜாகுவார் சாலையைக் கடப்பதைப் பார்க்க இருக்கும் ஓரளவு வாய்ப்பு அங்கேதான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கிளம்பாதீர்கள். உள்நாட்டில் மலேரியா உண்டு, மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பூர்வகுடிக் கிராமத்துக்குள் நுழைய ஊர்த்தலைவரான தொஷாவோவின் அனுமதி வேண்டும், அதை வழிகாட்டியே வாங்கித் தருவார்.